பேர் பொறித்த வளையம்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் ரோச்செஸ்டரை அடுத்த ஐராண்டிக்வாய்ட் ஊரின் தீயணைப்புக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கேமரா சங்கத்தின் செயலாளர் லொரெய்ன் கபுட்டோ, பல் பிடுங்கிச் சேர்த்ததையெல்லாம் பழைய லென்ஸில் கொட்டிவிட்ட டாக்டர் ஆஷ்பி, இணையத்தில் வீடியோ போட்டுப் பெயர் வாங்கிய பிரான்ட்லி ஓக்ஸ், ஒட்டிலி டென்டிங்கர், அவளுடைய தம்பி கான்ராட் டென்டிங்கர். தீயணைப்புத் தொப்பி மாட்டி மேடையில் நிறுத்தியிருந்த துணிக்கடைப் பொம்மையையும் சேர்த்துக்கொள்வதானால் ஆறு. ஏரிப் பக்கமிருந்து பனி அப்படிக் கொட்டிய நாளில் வேறு ஒருவரும் வீட்டை விட்டு இறங்கவில்லை. தானும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் எல்லோரும் அன்றைக்கு அவரவர் வீட்டில் கணப்பருகே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒட்டிலிக்கு எழுபத்தாறு வயது. அந்தச் சங்கத்தின் வாசற்படியை அவள் அதுவரை மிதித்ததில்லை. வளர்ந்த ஆண்கள் புதுக் கேமராவில் பழைய லென்ஸைத் திருகி, பொழுதெல்லாம் ஒரே பூந்தொட்டியைப் படம் பிடித்து, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்ளும் இடம் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவள் விரும்பியதும் இல்லை. அவள் அப்பா எமில் டென்டிங்கர் ரோச்செஸ்டரில் ஆற்றோரமாகப் பட்டறை வைத்து லென்ஸ் செய்தவர். அவர் செய்த ஜெனிஸார் லென்ஸ் இந்த ஊர்க் கேமராக்களில் பதினைந்து வருடம் இருந்தது. கேமராக் கம்பெனி மூடியதும் பட்டறையும் மூடியது. அதோடு அந்தக் கதை கௌரவமாக முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

முடியவிடவில்லை. அடுத்த வாரம் ஊர் நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போகிறார்கள். அதில் ஒரு ஜெனிஸார். பக்கத்தில் ஒரு அட்டை. லென்ஸைத் தருகிறவனும் அட்டைக்கான வாசகத்தை எழுதியவனும் பிரான்ட்லி ஓக்ஸ். 'எமில் டென்டிங்கரின் அழகான பிழை' என்பது தலைப்பு. கணக்குத் தவறிப்போன ஒரு கைவினைஞர், தன்னை அறியாமலே கனவு போன்ற படங்களை உலகத்துக்குத் தந்தாராம். கான்ராட் இதைத் தொலைபேசியில் சந்தோஷமாக வாசித்துக் காட்டி, பெட்டியில் வைக்க அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்றும் கேட்டான்.

"கணக்குத் தவறினவரா? யாரு, அப்பாவா?"

"அக்கா, அது புகழ்ச்சிதான். இப்பல்லாம் அப்படித்தான் புகழுவாங்க."

"படம் தர்றேன். முதல்ல அந்த ஆளை நான் பாக்கணும்."

அப்படித்தான் வந்தாள். கைப்பையில் துண்டில் சுற்றிய அப்பாவின் படம். கோட்டுப் பையில் ஒரு சாம்பல் நிறச் சாக்ஸ். அதற்குள் அப்பா தன் கையால் மூடித் தனக்கென்று வைத்துக்கொண்ட ஜெனிஸார்.

சாக்ஸில் கொண்டுவருவது சங்கத்தின் வழக்கம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஆளுக்கு ஒரு பழைய லென்ஸைச் சாக்ஸுக்குள் போட்டு, பேர் சொல்லாமல் லொரெய்னிடம் கொடுப்பார்கள். அவள் திரைக்குப் பின்னால் போய் ஒவ்வொன்றையும் ஒரே புது மிரர்லெஸ் கேமராவில் மாட்டி, ஒரே இடத்தில் நின்று, அதே பொம்மையைப் படம் எடுப்பாள். பொம்மைக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் தொங்கும். பிறகு பெரிய டிவியில் நம்பர் மட்டும் போட்டுப் படங்களைக் காட்டுவாள். எது எந்த லென்ஸ் என்று கண்டுபிடிக்க வேண்டும். பந்தயம் ஒன்றும் இல்லை; கண்டுபிடித்தவன் அடுத்த பிப்ரவரி வரை தலை நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவுதான்.

ஒட்டிலி உள்ளே நுழைந்தபோது டாக்டர் ஆஷ்பி ஒரு மூலையில் வெள்ளித்தாள் கூடாரம் கட்டி, அதற்குள் ஒரு லென்ஸை விளக்கில் காயவைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மஞ்சளாகிவிட்டதாம். அந்தக் காலத்தில் சில கம்பெனிக்காரர்கள் கண்ணாடியில் கதிர்வீசும் சரக்குக் கலந்தார்கள். அது நாள்பட்டால் மஞ்சள் பூக்கும். ஊதா விளக்கில் வாரக்கணக்காக வைத்தால் தெளியும். டாக்டர் ஒரு கையில் கதிர்வீச்சு அளக்கும் கருவியும் மறு கையில் கடுகு விழுது பூசிய வெள்ளை சாஸேஜுமாக நின்றார். கருவி டிக் டிக் என்றது. அவர் கடித்து மென்றார்.

"உங்கப்பா இதெல்லாம் கலக்கமாட்டாரு போலிருக்கே, மிஸ் டென்டிங்கர். உங்க லென்ஸ் ஒண்ணுகூட டிக் பண்ணமாட்டேங்குது."

"அவருக்கு நாலு பிள்ளைங்க, டாக்டர். மதியம் பட்டறையிலதான் சாப்பிடுவோம்."

டாக்டர் சாஸேஜைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

பிரான்ட்லி ஓக்ஸ் முப்பத்தைந்து வயதிருப்பான். தோல் ஏப்ரன் கட்டியிருந்தான். எதையும் அடிக்காத, அறுக்காத, உருக்காத ஒருவனுக்கு ஏப்ரன் எதற்கு என்று ஒட்டிலி அதையே பார்த்தாள். அவன் முன்னால் மேஜையில் அடாப்டர்கள் அடுக்கியிருந்தன: பழைய லென்ஸையும் புதுக் கேமராவையும் சேர்க்கும் உலோக வளையங்கள். கண்ணாடிக்கும் பிலிமுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை அப்பா தலைமயிரை நாலாக வகிர்ந்த கணக்கில் வைத்தார். இவர்களோ தபாலில் வந்த வளையத்தைத் திருகுகிறார்கள். லொடலொடவென்று ஆடினால் அடியில் டேப் ஒட்டுகிறார்கள். தூரத்து மலை தெளியவில்லையா, பரவாயில்லை, இங்கே யார் மலையை எடுக்கிறார்கள்!

"மேடம், உங்களைப் பாக்கறது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?" என்று பிரான்ட்லி இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்கப்பா ஒரு கவிஞர்."

"அவர் லென்ஸ் செஞ்சாரு."

"அதைத்தான் சொல்றேன்."

"அதை நீ சொல்லல தம்பி" என்று கையை விடுவித்துக்கொண்டு, சாக்ஸை லொரெய்னிடம் கொடுத்துவிட்டு, சுவரோரம் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்தாள். கான்ராட் அவள் பக்கம் வரவில்லை. சாப்பாட்டு மேஜையருகே நின்று மக்ரோனி சாலடை அளந்து அளந்து போட்டுக்கொண்டிருந்தான்.

லொரெய்ன் திரைக்குப் பின்னாலிருந்து வந்து டிவியைப் போட்டாள். "ரூல்ஸ் தெரியும்ல? சாக்ஸ்காரங்க வாயைத் திறக்கக்கூடாது. திறந்தா அடுத்த தடவை பாத்திரம் கழுவணும்."

முதல் படம் யாருக்கும் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை.

இரண்டாவது படம் வந்தது. பொம்மையின் தொப்பியில் இருந்த கீறல் தெரிந்தது. தொப்பி வாரின் தையல் தெரிந்தது. பின்னால் விளக்குகள் உருண்டையாக, அடக்கமாக நின்றன. படத்தின் நாலு மூலையிலும் சுவர்ச் செங்கலின் விளிம்பு பிசிறில்லாமல் இருந்தது.

"ஐயோ, இது யாரு கொண்டாந்தது?" பிரான்ட்லி சிரித்தான். "கேமரா டப்பாவுல இலவசமா வர்ற லென்ஸ் மாதிரி இருக்கு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கலாம்."

"என் எக்ஸ்ரேயில இதைவிட உயிர் இருக்கும்யா" என்றார் டாக்டர்.

"ஆஸ்பத்திரி வாடை அடிக்குது, டாக்டர். கேரக்டரே இல்ல. அடுத்தது போடுங்க, லொரெய்ன்."

லொரெய்ன் ஒட்டிலியை ஒரு தரம் பார்த்தாள். ஒட்டிலியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கேரக்டர் என்ற சொல்லை மட்டும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். லென்ஸ் என்றால் எதிரே உள்ளதை உள்ளபடி கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாத லென்ஸுக்கு இவர்கள் வைத்த பேர் கேரக்டர்.

மூன்றாவதில் எல்லாம் மஞ்சள். அது டாக்டருடையது என்று கருவியின் டிக் டிக்கிலேயே தெரிந்துபோயிற்று.

நான்காவது படம் வந்ததும் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

நடுவில் பொம்மையின் முகம் மட்டும் ஓரளவு தெளிவு. அதைச் சுற்றி எல்லாம் இழுபட்டுச் சுழன்றது. விளக்குகள் பூனைக் கண் மாதிரி நசுங்கி வட்டமடித்தன. செங்கல் சுவர் தண்ணீரில் கரைந்தாற்போல் இருந்தது. நாலு மூலையில் ஒரு மூலைகூட மிச்சமில்லை.

"இதுதான்யா! இதுதான்யா கேரக்டர்!" என்றார் டாக்டர்.

"ஜெனிஸார்" என்றான் பிரான்ட்லி, கோயிலில் நிற்கிறவன் குரலில். "வேற எதுவும் இப்படிச் சுத்தாது. நடுவுல நிக்கற ஆளைச் சுத்தி லைட்டெல்லாம் கும்மியடிக்குது பாருங்க. என்னோடதுதான், ஒத்துக்கறேன், பாத்திரம் கழுவறேன். மேடம், இதைத்தான் நான் பிழைன்னு சொன்னேன். உங்கப்பா ஓரத்தைக் கோட்டை விட்டுட்டாரு. ஆனா என்ன அழகா கோட்டை விட்டிருக்காரு!"

ஓரத்தைக் கோட்டை விட்டுவிட்டார்.

பட்டறையின் பின்கட்டில் வெள்ளையடித்த ஒரு சுவர் இருந்தது. முடிந்த லென்ஸ் ஒவ்வொன்றின் வழியாகவும் விளக்குப் போட்டு, கோடும் எழுத்தும் நிறைந்த ஒரு தகட்டை அந்தச் சுவரில் விழச் செய்வார்கள். பத்தொன்பது வயதில் ஒட்டிலி அந்தச் சுவர் முன்னால் நின்று நாலு மூலையிலும் உள்ள பொடி எழுத்தை உரக்க வாசிக்க வேண்டும். ஒரு மூலை மங்கினாலும் அப்பா லென்ஸைப் பிரித்துக் கண்ணாடியை வாளியில் போடுவார். நடு எழுத்தை அவர் கேட்டதே இல்லை. நடுவை எந்தச் சோம்பேறியும் தெளிய வைப்பான் என்பார். டென்டிங்கர் வீடு பேர் வாங்கியது அந்த நாலு மூலையால்.

ஒட்டிலி எழுந்தாள்.

"ரெண்டாம் நம்பரும் ஜெனிஸார்தான்."

கருவி மட்டும் டிக் என்றது. டாக்டர் அதை அணைத்தார்.

"அது எங்கப்பாவோடது. அவர் கையால மூடினது. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் திறந்ததில்ல. பாஸ்போர்ட் போட்டோன்னியே, அதுதான் ஜெனிஸார்."

பிரான்ட்லி கொஞ்சம் தடுமாறினான். ஆனால் பேசியே பிழைக்கிறவனுக்குப் பேச்சு வராமல் போகுமா? பரிவோடு தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னான்:

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்துல கையால செய்யறது. ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது. நான் இதுவரைக்கும் ஒன்பது ஜெனிஸார் பாத்துட்டேன். ஒன்பதும் சுத்துது. உங்களுது ஒண்ணுதான் சுத்தல. பாவம், அது சரியா வராம போன பீஸா இருக்கும்."

அப்பா தனக்கென்று பொறுக்கி வைத்துக்கொண்டது சரியாக வராமல் போன பீஸ்! ஒட்டிலிக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு எதிராளி ஒரு ஆளாகவாவது இருக்க வேண்டும்.

"லொரெய்ன், ரெண்டையும் இந்த மேஜை மேல வை. டியூப் லைட்டுக்கு நேர் கீழ."

இரண்டு லென்ஸும் மேஜைக்கு வந்தன, முகம் மேலே பார்க்க. ஒட்டிலி கண்ணாடியைத் தொடவில்லை. குனிந்து பார்த்ததோடு சரி. அவளுடைய லென்ஸில் டியூப் லைட் ஒரு நூல் துண்டுபோல் சின்னதாகத் தெரிந்தது. பிரான்ட்லியுடையதில் அதே லைட் பட்டையாக, அகலமாகக் கிடந்தது.

"வந்து பாரு, லொரெய்ன். என்ன தெரியுது?"

லொரெய்ன் குனிந்தாள். "உங்களுது முட்டை மாதிரி உருண்டு நிக்குது. இவனோடது சப்பையா இருக்கு."

"உருண்ட பக்கம் வெளியப் பாக்கணும். சப்பைப் பக்கம் உள்ள போகணும். இவரோட லென்ஸுக்கு மூஞ்சி பின்பக்கம் திரும்பியிருக்கு. பிழைதான். ஆனா எங்கப்பாவோட பிழை இல்ல. யாரோ திறந்து, முன்கண்ணாடியைத் தலைகீழாப் போட்டிருக்காங்க."

"சான்ஸே இல்ல" என்றான் பிரான்ட்லி. அவன் குரல் ஏறியது. "இதைத் திறந்திருக்கவே முடியாது, மேடம். பேர் பொறிச்ச வளையத்து ஓரத்துல சிவப்புப் புள்ளி பாருங்க. குடும்ப முத்திரை. டென்டிங்கர் வீட்டு ஆளுங்க மட்டும்தான் இதை வைப்பாங்க. என் வீடியோவுல நான் இதைத்தான் எல்லாருக்கும் சொல்றேன், புள்ளி இருந்தா ஒரிஜினல்னு."

ஒட்டிலி புள்ளியைப் பார்த்தாள்.

வளையம் தானாகக் கழலாமல் இருக்க அப்பா அந்த இடத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பார். அம்மாவின் நகப்பூச்சு. கருஞ்சிவப்பு. அவளுடைய லென்ஸில் அது காய்ந்து பழுத்து, திராட்சைத் தோல் நிறத்தில் இருந்தது. இதிலோ புள்ளி பளபளவென்று, இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். அந்த நிறம் அவளுக்குத் தெரியும். கான்ராடின் மனைவி ஜூடித் சாகும்வரை கையிலும் காலிலும் பூசிக்கொண்ட நிறம் அது. அதைப் பார்த்து ஒட்டிலி இருபது வருடம் முகம் சுளித்திருக்கிறாள்.

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். கான்ராட் சாஸேஜுக்குக் கடுகு தடவிக்கொண்டிருந்தான். தடவி முடித்த இடத்திலேயே மறுபடியும் தடவினான்.

இங்கேயே வாயை மூடிக்கொண்டு கோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போனால் அப்பா நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் கணக்குத் தெரியாத கவிஞராக உட்கார்ந்திருப்பார். பேசினால் டென்டிங்கர் வீட்டுப் பிள்ளை கைவரிசை காட்டுகிறவன் என்று ஊரே சொல்லும். எப்படிப் பார்த்தாலும் இந்தப் பேருக்கு ஒரு கறை உண்டு. யார் மீது விழ வேண்டிய கறை என்பதுதான் கேள்வி. அப்பா அதைச் சம்பாதிக்கவில்லை.

"டேய் கான்ராட்."

"அக்கா..."

"ரப்பரை எடு."

"எந்த ரப்பர்க்கா?"

"உன் பையில இருக்கிற ரப்பர். வளையம் திருகறதுக்கு அப்பா தொட்டி அடைக்கிற ரப்பரை வெட்டிச் செஞ்சாரே, அது. அது இல்லாம நீ கடைக்குக்கூடப் போகமாட்டே. எடு. இங்க வா. எல்லாரும் பாக்க, நீ போட்டதை நீயே எடு."

டாக்டர் ஆஷ்பி உட்கார்ந்தார். "நான் கான்ராட் கிட்ட ரெண்டு வாங்கியிருக்கேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். யாரும் திரும்பவில்லை.

கான்ராடுக்கு எழுபத்தொரு வயது. நல்ல உயரம். மேஜைக்கு வந்து சேர்ந்தபோது அந்த உயரத்தில் பாதியைக் காணோம். பையிலிருந்து ரப்பரை எடுத்தான். பேர் வளையத்தின் மேல் அழுத்தித் திருகினான். புள்ளி விரிசல்விட்டு உடைந்தது. 'டென்டிங்கர், ரோச்செஸ்டர்' என்று பொறித்த மெல்லிய கறுப்பு வளையம் கையோடு வந்தது. அதன் கீழே கண்ணாடியைப் பிடித்திருந்த இரண்டாவது வளையத்தை பையிலேயே கிடந்த இருமுனை ஸ்பேனரால் கழற்றினான். லென்ஸைக் கவிழ்த்துக் கண்ணாடியை ஒரு துணியில் விழவிட்டான். இத்தனையும் நடக்கும்போது அவன் கண் லென்ஸில் இல்லை. அக்காவின் காலணியில் இருந்தது. பார்க்காமலே செய்யும் அளவுக்கு அவன் கை அதற்குப் பழகியிருந்ததை ஒட்டிலி கவனித்தாள். அதைப் போன்ற ஒரு அவமானமான கைத்திறனை அவள் பார்த்ததில்லை.

கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

"இது எங்கப்பா வெச்ச புள்ளி" என்றாள். "வெளிய பாக்க வேண்டிய பக்கத்துக்கு அடையாளம். கண்ணு தெரியாதவன்கூடத் தப்பாப் போடக்கூடாதுன்னு வெச்சது. சொல்லுடா. எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"உள்பக்கம்."

"யாரு போட்டது?"

கான்ராட் ஸ்பேனரைத் துடைத்தான். "அக்கா, பட்டறை மூடினப்ப மிஞ்சினதெல்லாம் என் கராஜ்லதானே கிடந்துச்சு. நேரா இருந்தப்ப ஒருத்தனும் சீந்தல. தூசி தட்டி, எண்ணெய் மாத்தி, அப்பா எப்படி வெச்சாரோ அப்படியேதான் வித்துப் பாத்தேன். திருப்பி அனுப்பறானுங்க. ரொம்பத் தெளிவா இருக்காம்! இதுக்குப் புது லென்ஸே வாங்கியிருப்பேனேங்கறான். அப்புறம் ஒரு நாள், புரை ஆபரேஷனுக்கு முன்னாடி, கண்ணு சரியில்ல, ஒண்ணைத் தெரியாமத் திருப்பிப் போட்டுட்டேன். அதை வாங்கினவன் எனக்குப் பூங்கொத்து அனுப்பறான்க்கா."

"அது தெரியாமப் போட்டது. மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் தெரிஞ்சுதான்."

"அம்மாவோட பூச்சு இருந்த இடத்துல ஜூடித்தோட பூச்சு."

"பாட்டில் மிச்சம் இருந்துச்சு."

லொரெய்ன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வேறென்னவா என்று தெரியவில்லை.

"நேராப் போடு" என்றாள் ஒட்டிலி.

போட்டான். லொரெய்ன் அதைக் கேமராவில் மாட்டிப் பொம்மையை மறுபடி எடுத்தாள். டிவியில் வந்தது. தொப்பியின் கீறல், வாரின் தையல், நாலு மூலையிலும் செங்கல். இரண்டாம் நம்பரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எது எது என்று அவளுக்கே தெரியவில்லை என்றாள்.

ஒட்டிலி காத்திருந்தாள். மன்னிப்பு எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த மூலைகளை அவர்கள் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்த்தாள். தன்னைவிட அரை நூற்றாண்டு இளைய கேமராவுக்கு முன்னால் அந்தக் கண்ணாடி முதுகு வளையாமல் நிற்கிறதே, அதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

பிரான்ட்லி டிவியைப் பார்த்தான். லென்ஸைப் பார்த்தான். பிறகு கான்ராடின் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்:

"இதை மறுபடியும் திருப்பிப் போட முடியுமில்ல?"

ஒட்டிலிக்கு அப்போதுதான் தெளிவாயிற்று. இவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர். ஏமாந்தவனுக்கு உண்மை தெரிந்தால் உறைக்கும். இவர்களுக்கு உண்மை என்பது திருகிக் கழற்றி ஓரமாக வைத்துவிடக்கூடிய ஒரு உதிரி.

"முடியும்" என்றாள், கான்ராட் வாயைத் திறக்கும் முன்பே. "என் தம்பி நல்லாவே போடுவான், பாத்தியே. லென்ஸ் உன்னோடது. கண்ணாடியை நேராப் போடு, தலைகீழாப் போடு, எடுத்துப் பர்கர்ல வெச்சுச் சாப்பிடு. ஆனா அது தலைகீழா இருந்தா, இந்தப் பேர் அது மேல இருக்காது." வளையத்தை மேஜையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "சுழல் வேணுமா, பேர் வேணுமா? ஏதாவது ஒண்ணு. ரெண்டும் வேணும்னா, அந்தக் கண்ணாடிப் பெட்டி நூலகத்துல இருக்கிற வரைக்கும் தினம் அது பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருவேன். வர்றவங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் மூஞ்சி எந்தப் பக்கம்னு சொல்லுவேன். எனக்கு வேற வேலை இல்ல. நீ வீடியோவுல ஜனங்களுக்குச் சொன்னது என்னன்னும் சேத்துச் சொல்லுவேன்."

"மிஸ் டென்டிங்கர்..." என்று டாக்டர் தொடங்கினார்.

"உங்க ரெண்டு லென்ஸுக்கும் இதே கேள்விதான், டாக்டர். வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லுங்க."

பிரான்ட்லி யோசிப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் மேல் அவளுக்கு இருந்த கடைசி மரியாதை அதுவாகத்தான் இருந்திருக்கும். அவன் யோசிக்கவில்லை. தோளைக் குலுக்கினான்.

"பேர் எதுக்குங்க? படத்துல பேரா தெரியப்போகுது? சுழல்தான் வேணும். யாரு செஞ்சதுன்னு தெரியாத லென்ஸ்னு போட்டா இன்னும் நல்லாத்தான் இருக்கும். மர்மமா இருக்கும். எடுத்துக்கோங்க மேடம்."

"எடுத்துக்கிட்டாச்சு" என்றாள் ஒட்டிலி. வளையம் அவள் கோட்டுப் பைக்குள் போயிற்று.

கான்ராட் தயங்கி நின்றான். "அக்கா, திருப்பவா?"

"திருப்பு. பேர் இல்லாத சாமானுக்கு என்னைக் கேக்காதே."

அவன் திருப்பினான். பழக்க தோஷத்தில் பையிலிருந்து நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்தான். புள்ளி வைக்க வளையம் இல்லை. அக்காவைப் பார்த்தான். மூடியை இறுக்கி மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

ஒட்டிலி தன் லென்ஸைச் சாக்ஸில் போட்டு முடிந்தாள். அப்பாவின் படத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. லொரெய்ன் வாசல் வரை வந்து, அவளுக்கென்று காகிதத் தட்டில் மூடி வைத்திருந்த மக்ரோனி சாலடைக் கொடுத்தாள்.

"இத்தனை வருஷம் ஏன் வரல ஒட்டிலி? நீங்க வந்திருந்தா நமக்குப் பொழுது போயிருக்குமே."

"உப்பு கம்மி" என்றாள் ஒட்டிலி, தட்டைத் திறக்காமலே. வாங்கிக்கொண்டாள்.

காரைக் கான்ராட் ஓட்டினான். பனி தள்ளும் வண்டி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அதன் பின்னாலேயே போனார்கள்.

"எத்தனை வித்தே?"

"எண்ணல."

"எண்ணு. ஒவ்வொருத்தனுக்கும் எழுது. நேராத் திருப்பித் தர்றேன்னு சொல்லு. வேணாம்னா வளையத்தை மட்டும் கழட்டி அனுப்பச் சொல்லு."

"குடுத்த மோதிரத்தைத் திரும்பக் கேக்கற மாதிரி இருக்கும்க்கா. சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். உன்னைப் பாத்துத்தானே சிரிப்பானுங்க? அப்பாவைப் பாத்துச் சிரிச்சாங்களே, அப்ப நீ பக்கத்துல நின்னு சாலட் தின்னுட்டிருந்தியே."

கான்ராட் வைப்பரை வேகமாக்கினான். அது ஏற்கெனவே வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நூலகத்தில் கண்ணாடிப் பெட்டி சொன்ன நாளில் திறந்தது. அட்டையில் 'செய்தவர் தெரியவில்லை' என்று இருந்தது. பார்த்தவர்கள் சுழலைப் பாராட்டினார்கள். டென்டிங்கர் என்ற பேர் அங்கே எங்கும் இல்லை. ஒட்டிலி ஒரே ஒரு தடவை போய், அது இல்லை என்பதைச் சரிபார்த்துவிட்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியில் அவள் பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி, அந்த வளையத்தை ஜெனிஸீ ஆற்றில் வீசி எறிந்ததாகச் சங்கத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். எறியவில்லை. அவர்கள் பாலத்து வழியாகப் போகவே இல்லை. வளையம் அவள் வீட்டு மேஜை இழுப்பறையில், அதற்குப் பிறகு தபாலில் வந்த பதினோரு வளையங்களோடு இருக்கிறது.